பிரசவ அறையில் தாதியர்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில் பல ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வளைகாப்பு வீடு, கோயில், தேக்கா சந்தை என்று எங்கே போனாலும், தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களும் அவர்களின் அம்மாக்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வலி எடுத்து நீங்கள் உள்ளே போனதிலிருந்து பிள்ளை உங்கள் மார்பில் படுக்கும்வரை அதிக நேரம் உங்களோடு இருக்கப் போவது தாதிதான். அவர் என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார், அவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். உங்கள் உடம்புக்கு எது சரி என்ற முடிவை மட்டும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

டாக்டர்தானே பிரசவம் பார்க்கிறார்? தாதிக்கு அங்கே என்ன வேலை?

பல மணி நேரம் நீளும் பிரசவத்தில் டாக்டர் அறைக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், கொஞ்சம்தான் வரும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் உங்கள் டாக்டர் கிளினிக்கில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்; இரவென்றால் வீட்டில் இருப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பணியில் இருக்கும் டாக்டர் ஒரே சமயத்தில் பல அறைகளுக்கு ஓட வேண்டும். இடையில் இருக்கும் நேரம் முழுக்க உங்களைக் கவனிப்பது தாதி. பிள்ளையின் இதயத் துடிப்பு, உங்கள் ரத்த அழுத்தம், காய்ச்சல், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று எல்லாம் அவர் குறிப்பில் இருக்கும். ஏதோ சரியில்லை என்றால் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று கணிப்பதற்கே அனுபவம் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் கடைசிக் கட்டம் மளமளவென்று நடந்துவிடும். கை தேர்ந்த தாதி உங்கள் வயிற்றில் கை வைத்தபடி உங்கள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். வலியின் உச்சியில் மூச்சு தொண்டையில் ஒரு நொடி பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரு முனகல் வரும். தாய்க்கே தெரியாமல் உடம்பு முக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு கையில் போன், இன்னொரு கையில் கையுறை.

தாதியும் மருத்துவச்சியும் ஒன்றா?

ஒன்றில்லை. சிங்கப்பூரில் தாதியர், மருத்துவச்சிகள் இருவரையும் பதிவு செய்வது சிங்கப்பூர்த் தாதிமை வாரியம். தாதியாகத் தேர்ச்சி பெற்ற பிறகு பேறுகாலப் பராமரிப்பில் மேற்படிப்பு முடித்து, மருத்துவச்சியாகத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிக்கலில்லாத பிரசவத்தைத் தானே பார்க்கும் தகுதி மருத்துவச்சிக்கு உண்டு. பிரசவ அறையில் உங்களுக்குத் துணையாக நிற்பவர் பெரும்பாலும் இந்தப் படிப்பை முடித்தவராகத்தான் இருப்பார். பேச்சு வழக்கில் எல்லோரையும் தாதி, மிஸ்ஸி, சிஸ்டர் என்றே கூப்பிடுகிறோம்; நானும் இங்கே தாதி என்றே எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு மருத்துவச்சிகள் எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தேக்காவுக்குப் பக்கத்தில் 1924இல் மகப்பேறு மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட கண்டாங் கெர்பாவ், அதாவது இன்றைய கேகே மருத்துவமனை, 1966ஆம் ஆண்டில் மட்டும் 40,000க்குச் சற்றே குறைவான பிரசவங்களைப் பார்த்தது. கின்னஸ் சாதனையாகப் பதிவான எண்ணிக்கை அது. சிங்கப்பூர் முழுவதிலும் 2023இல் பிறந்த பிள்ளைகளைக் கூட்டினாலும் அந்த அளவு வராது. நாளொன்றுக்கு நூறுக்கு மேல்! டாக்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சமாளித்திருக்க முடியாது. நம் பாட்டிமார் பலர் பிள்ளை பெற்றது அந்த மருத்துவச்சிகளின் கையில்தான்.

வலி வந்துவிட்டது. எப்போது கிளம்ப வேண்டும்?

முதலில் பிரசவ அறைக்குப் போன் செய்யுங்கள். எண்ணை இப்போதே உங்கள் போனிலும் கணவர் போனிலும் சேமித்து வையுங்கள். தாதி கேள்வி கேட்பார்: எத்தனையாவது வாரம், எத்தனையாவது பிள்ளை, வலி எவ்வளவு இடைவெளியில், பனிக்குடம் உடைந்ததா, பிள்ளை அசைகிறதா. கூடுமானால் கர்ப்பிணியே பேசட்டும். பதில் சொல்லும்போது நடுவில் வலி வந்து பேச்சு நிற்கிறதா என்று மறுமுனையில் கவனிப்போம். கணவர் சொல்லும் பத்து வாக்கியத்தைவிட அந்த மௌனம் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

தலைப்பிரசவம் என்றால், வலி ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒழுங்காக வரத் தொடங்கும்போது கிளம்பலாம். வந்து வந்து போகும், நடந்தால் குறையும் வலி பெரும்பாலும் பொய் வலி. இரண்டாவது பிள்ளை என்றால் இவ்வளவு பொறுக்காதீர்கள்.

வலி இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டிய நேரங்கள் உண்டு: பனிக்குடம் உடைந்தால், ரத்தப்போக்கு இருந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினால். பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ போனால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், தாமதிக்கக் கூடாது. நீர் எத்தனை மணிக்குப் போனது, என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள், தாதி கேட்கும் முதல் கேள்வி அதுதான். ரத்தம் கொட்டினாலோ, தொப்புள்கொடி வெளியே வந்தது தெரிந்தாலோ, பிள்ளையின் தலை தெரிந்தாலோ டாக்சி தேடாமல் 995. ஆம்புலன்ஸ் பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் பொருத்தமான மருத்துவமனைக்குத்தான் போகும், நீங்கள் பதிவு செய்த இடத்துக்குப் போகாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் வாதாட வேண்டாம்.

வயிற்றில் பெல்ட் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்களே, அது எதற்கு?

இரண்டு பெல்ட். ஒன்று பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதியும், இன்னொன்று கருப்பை இறுகுவதைப் பதியும். பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது வழக்கம். பெரியவர்களுக்கு அது படபடப்பு, பிள்ளைக்கு அதுதான் சாதாரணம். கணவர்மார் பயப்பட வேண்டாம். எண் ஏறி இறங்குவதும் நல்லதே. எந்த அசைவும் இல்லாமல் நேர்கோடாகப் போவதும், ஒவ்வொரு வலிக்குப் பிறகும் இறங்கி மெதுவாக ஏறுவதும்தான் எங்களைக் கவலைப்பட வைக்கும். திடீரென்று எண் மறைந்துபோனால் பெரும்பாலும் பெல்ட் நழுவியிருக்கும். மணியை அடியுங்கள், அதற்குத்தான் மணி. அறையில் ஆள் இல்லாதபோதும் உங்கள் கோடு வெளியே தாதியர் மேசைத் திரையில் ஓடிக்கொண்டிருப்பது பல இடங்களில் வழக்கம்.

கருப்பை வாய் திறப்பதைக் கை வைத்துப் பார்ப்பது பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுமையாகத் திறந்தால் 10 சென்டிமீட்டர். பார்ப்பதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும். வலி வந்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 3 சென்டிமீட்டரில் பல மணி நேரம் நின்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் பிரசவம் முழு வேகம் எடுக்கிறது என்று சொல்கிறது. அதன் பிறகும் தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம்வரை ஆகலாம்.

வலியைக் குறைக்கத் தாதி என்ன செய்வார்?

மருந்துக்கு முன்னால் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. படுத்தே கிடக்காமல் எழுந்து நடக்க, பெரிய ரப்பர்ப் பந்தில் உட்கார்ந்து இடுப்பை ஆட்ட, பக்கவாட்டில் சாய வைப்போம். முதுகின் அடியில் உள்ளங்கையால் அழுத்திக் கொடுத்தால் சிலருக்கு உயிர் வந்தது மாதிரி இருக்கும். வெந்நீர் ஷவர் இருந்தால் முதுகில் படும்படி நிற்கலாம். எல்லாவற்றையும்விட, வலி ஏறும்போது கண்ணைப் பார்த்து, "ஊதும்மா, மெதுவா ஊது, இப்ப உச்சி, இனி இறங்கிடும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பது.

அடுத்தது வாயு. பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு. வலி தொடங்கும்போதே இழுக்க வேண்டும், உச்சியில் இழுத்தால் அது வேலை செய்வதற்குள் வலி முடிந்துவிடும். மாஸ்க்கைத் தாய்தான் பிடிக்க வேண்டும். ஆசையாகக் கணவர் பிடித்துக்கொண்டு முகத்தில் அழுத்துவார், நாங்கள் கையை எடுக்கச் சொல்வோம். தாய்க்குக் கிறுகிறுத்தால் அவள் கை தானாகக் கீழே இறங்கி மாஸ்க் விலகும். அதுதான் பாதுகாப்பு.

பெத்திடின் ஊசி தூக்கக் கலக்கம் தரும். பிள்ளை சீக்கிரம் பிறக்கப் போகிறது என்றால் அதற்கும் அந்த மயக்கம் போய்ச் சேர்ந்து, மூச்சு மந்தமாகலாம். அதனால்தான் ஊசி கேட்டதும், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்தி வலியை மரத்துப்போக வைப்பது எபிடியூரல். அதைப் போடுவது மயக்க மருத்துவர். ஆனால் அந்த வேளையில் உங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது தாதி. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகைக் கூன்போட வைப்பார். பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு கூன்போடுவது லேசில்லை. உங்கள் முன்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்திருப்பார், உங்கள் நெற்றி அவர் தோளில் இருக்கும். ஊசி உள்ளே போகும் நொடியில் வலி வந்தால் அசையக் கூடாது. "டாக்டர், வலி வருது" என்று அவரே சொல்லி நிறுத்தி, வலி இறங்கியதும் தொடரச் சொல்வார். வேலை செய்ய 15, 20 நிமிடம் ஆகும். அதன் பிறகு ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார், ஏனென்றால் அது சட்டென்று இறங்கலாம். கால் கனக்கும், நடக்க முடியாது. சிறுநீர் தெரியாது, குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஒரே பக்கம் படுத்தால் மருந்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கலாம் என்பதால் புரட்டிப் புரட்டிப் படுக்க வைப்பார்.

எபிடியூரல் போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகுவலி என்கிறாரே மாமியார்?

ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். நீண்ட கால முதுகுவலிக்கும் எபிடியூரலுக்கும் தொடர்பில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எபிடியூரல் போடாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு முதுகு வலிக்கிறது. பத்து மாதம் சுமந்ததும், இப்போது குனிந்து குனிந்து பால் கொடுப்பதும் காரணம். போட்டவள் கோழை, போடாதவள் வீராங்கனை என்ற பேச்சை நம் குடும்பங்கள் விட்டுவிட வேண்டும். வலி யாருக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. இத்தனை பிரசவம் பார்த்த எனக்கும் முடியாது.

உள்ளே யார் வரலாம்? கணவர் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் ஒருவர்தான். கணவரா அம்மாவா என்று முன்பே முடிவு செய்யுங்கள், வாசலில் நின்று பேச வேண்டாம். வெளியே மாமியார், சித்தி, நாத்தனார் எல்லோரும் ஆளுக்கு ஒரு போனோடு காத்திருப்பது புரிகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "என்னாச்சு?" என்று கணவரைக் கூப்பிட்டால் அவர் மனைவியைப் பார்ப்பாரா, போனைப் பார்ப்பாரா?

கூடவே ஒருவர் தொடர்ந்து துணை இருப்பது வெறும் ஆறுதல் இல்லை. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கோக்ரேன் அறிக்கை, அப்படித் துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுக் குறைகிறது என்கிறது. தாதியால் உங்கள் அறையிலேயே முழு நேரமும் நிற்க முடியாது. வேலை அதிகமுள்ள இரவில் பக்கத்து அறையையும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் கணவருக்கு அவர் வேலை கற்றுக்கொடுப்பார்: எங்கே அழுத்துவது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எப்போது பேசாமல் இருப்பது. வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சாப்பிடாமல் வராதீர்கள். பசியோடு நின்று தலைசுற்றி விழும் கணவரையும் நாங்கள்தான் தூக்க வேண்டும்.

பிரசவத் துணையாளராக வேலை செய்யும் டூலாக்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஆதரவுக்கு, மருத்துவம் பார்க்க மாட்டார்கள். கணவரோடு சேர்த்து அனுமதிப்பார்களா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். முன்கூட்டிக் கேளுங்கள்.

தமிழ் பேசும் தாதி கிடைப்பாரா?

கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது. சிங்கப்பூர்ப் பிரசவ அறைகளில் உள்ளூர் சீன, மலாய், இந்தியத் தாதியரோடு மலேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா, மியன்மார் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். ஊரிலிருந்து வந்து ஆங்கிலம் சரளமாக வராத பெண்களுக்கு இது பெரிய கவலை. வந்ததும் சொல்லிவிடுங்கள், தமிழ் தெரிந்தவர் பணியில் இருந்தால் கூப்பிடுவார்கள். வலியில் எந்த மொழியில் கத்தினாலும் தாதிக்குப் புரியும். ஆனால் ஒப்புதல் கையெழுத்துப் போடும்போது புரியாமல் தலையாட்டாதீர்கள். திரும்பச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

முக்கச் சொல்கிறார்கள், திடீரென்று முக்காதே என்கிறார்கள். ஏன்?

முழுதும் திறந்த பிறகுதான் முக்க வேண்டும். முன்பே முக்கினால் கருப்பை வாய் வீங்கும். எபிடியூரல் போட்டிருந்தால் வலி எப்போது வருகிறது என்றே தெரியாது. தாதி வயிற்றில் கை வைத்துச் சொல்வார். முகத்தில் இல்லாமல் கீழே, மலம் கழிக்க முக்குவதுபோல் முக்க வேண்டும். அப்போது கொஞ்சம் மலம் வந்துவிடுமோ என்று பெண்கள் கூச்சப்படுகிறார்கள். வரும். தாதி ஒரு சொல்லும் சொல்லாமல் துடைத்துவிடுவார். நீங்கள் சரியாக முக்குகிறீர்கள் என்று எங்களுக்கு அது காட்டும், அவ்வளவுதான்.

தலை வெளியே வரும் கட்டத்தில்தான் "போதும், ஊது" என்பார்கள். தோல் மெல்ல விரிய நேரம் கொடுத்தால் கிழிசல் குறையும். வெதுவெதுப்பான துணியை ஒற்றிப் பிடிப்பதும், கையால் தலையின் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதற்காகத்தான். பிரசவத்திலேயே எரிச்சல் உச்சத்தில் இருக்கும் நிமிடம் அது. அந்த நேரத்தில் தாதியின் குரலை மட்டும் கேளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

திடீரென்று அறைக்குள் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். பயந்துவிட்டோம்.

தாதி அவசர மணியை அடித்திருப்பார். பிள்ளையின் துடிப்பு இறங்கி ஏறாமல் நிற்கலாம், தலை வந்து தோள் மாட்டியிருக்கலாம், பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு ரத்தம் நிற்காமல் போகலாம். தோள் மாட்டினால் நிமிடங்கள்தான் இருக்கும். இரண்டு தாதியர் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து முட்டியை வயிற்றோடு மடக்குவார்கள், ஒருவர் அடிவயிற்றில் அழுத்துவார், இன்னொருவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். முரட்டுத்தனமாகத் தெரியும். திரும்பத் திரும்பப் பயிற்சி செய்த காரியம் அது. முடிந்த பிறகு என்ன நடந்தது என்று உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள். சில பெண்களுக்கு அந்தச் சில நிமிடம் மாதக்கணக்கில் கனவில் வருகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு அது கொஞ்சம் எளிதாகிறது.

பிள்ளை பிறந்ததும் என்னென்ன செய்வார்கள்? சேனை வைக்கலாமா?

துடைத்து, நேராகத் தாயின் நெஞ்சில், தோலோடு தோலாக. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் தாதி பிள்ளைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்: துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, சிணுங்கல், நிறம். 1952இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் வகுத்த முறை இது. முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் பார்ப்பார்கள். 10க்கு 9 என்றால் ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு! பிறந்த பிள்ளைக்குக் கை கால் சற்று நீலமாக இருப்பது சகஜம், அதற்குத்தான் அந்த ஒன்று.

அப்புறம் ரத்தப்போக்கைத் தடுக்க வைட்டமின் கே ஊசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், ஏனென்றால் பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கலாம். நம் பெண்களில் இது அதிகம் என்பதால் அந்தக் குத்தலைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பு தொட்டு வைக்கும் சேனை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமி விதைகள் பிள்ளையின் குடலில் நச்சை உண்டாக்கிவிடலாம். முதல் ருசி சீம்பாலாக இருக்கட்டும். தாத்தா பெயர் சொல்லிக் காதில் அழைக்கலாம், முஸ்லிம் குடும்பத்தில் அப்பா பாங்கு சொல்லலாம். தாதியிடம் கேட்டால் அதற்கு நேரம் ஒதுக்கித் தருவார். ஜாதகத்துக்குப் பிறந்த நேரம் வேண்டுமென்றால் கவலையே வேண்டாம், முழு உடலும் வெளியே வந்த நிமிடத்தைத் தாதி சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொள்வார். பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு.

பிள்ளைதான் பிறந்துவிட்டதே, ஏன் இன்னும் வயிற்றைப் பிடித்து அமுக்குகிறார்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கோபத்தோடுதான் கேட்பார்கள். பிள்ளை வந்த பிறகு கருப்பை சுருங்கி, தொப்புளுக்குக் கீழே தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் ரத்தம் ஓடும். பிரசவத்தில் தாய் உயிருக்கு ஆபத்து தரும் பெரிய காரணங்களில் ஒன்று இந்த ரத்தப்போக்கு, அதுவும் சத்தமில்லாமல் போகும். அதனால்தான் நஞ்சுக்கொடி வெளிவர ஊசி போட்ட பிறகும், தாதி அடிக்கடி வந்து வயிற்றைத் தேய்த்துப் பார்ப்பதும், பேடைத் திருப்பிப் பார்ப்பதும். வெளியே வந்த நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, எங்காவது துண்டு குறைகிறதா என்று விளிம்பு விளிம்பாகப் பார்ப்பார். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் பிறகு வம்பு. தையலுக்குப் பயன்படுத்திய பஞ்சும் ஊசியும் எண்ணிச் சரிபார்க்கப்படும்.

வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பத்தியம் பார்க்கும் பெரியவர்கள் "கெட்ட ரத்தம் போகட்டும்" என்று சொல்லி நிறுத்திவைத்ததால் தாமதமாக வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கெட்ட ரத்தம் கிடையாது.

பாச்சை உருண்டை வைத்த துணியைப் பிள்ளைக்குப் போடக் கூடாதாமே?

போடக் கூடாது. கொடியிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவா என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை வாசமே சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அது மூளையைத் தாக்கலாம். பாட்டியின் பழைய புடவையில் தூளி கட்டுவது அழகான பழக்கம், ஆனால் அந்தப் புடவை அலமாரியில் எதோடு கிடந்தது என்று பாருங்கள். சோதனை முடிவு எப்படி இருந்தாலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்பது என் கட்சி. நாட்டு மருந்தும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சிசேரியன் என்றால்?

தாதி இருப்பார். தாலி, மூக்குத்தி, அரைஞாண் என்ன செய்வது என்று கேட்டு, கழற்றவோ பிளாஸ்டர் போட்டு ஒட்டவோ உதவுவார். பிள்ளையை வாங்கித் துடைத்து உங்கள் கன்னத்தோடு வைப்பவரும் அவர்தான். நாள் பார்த்துத் திட்டமிட்ட சிசேரியனுக்கு 39 வாரம் ஆகட்டும். நல்ல நேரத்துக்காக அதற்கு முன்னால் இழுக்காதீர்கள்.

தாதி கடுமையாகப் பேசினால் என்ன செய்வது?

முக்கும்போது குரல் உயர்வது வேறு, அவமதிப்பது வேறு. "சத்தம் போடாதே, உனக்கு மட்டுமா பிள்ளை?" என்று ஒருவர் சொன்னால் அது தவறு, எந்தச் சமாதானமும் கிடையாது. பொறுப்புத் தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஆளை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாணவர்கள் பார்க்க வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இரவில் பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் கேட்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பிள்ளை தங்காமல் போனால் தாதி என்ன செய்வார்?

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நான் எழுதியே ஆக வேண்டும். வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டாலும் அந்தத் தாய் வலி தாங்கிப் பெற்றாக வேண்டும். முடிந்தவரை மற்ற பிள்ளைகளின் அழுகை கேட்காத அறை கொடுப்போம். வலிக்கு மருந்து தாராளமாகக் கேட்கலாம். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, பார்க்கிறீர்களா, தூக்குகிறீர்களா என்று கேட்போம். காலடித் தடம் எடுத்துக் கொடுப்போம். முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சில மணி நேரம் கழித்துக் கேட்பவர்கள் உண்டு, அவசரப்படுத்த மாட்டோம். பால் சுரக்கும், அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றும் சொல்லித் தருவோம். உறவினர்களே, "அடுத்தது பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இந்த வேலையில் ஆசை. சேர்க்கலாமா?

தாராளமாக. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தாதிமை டிப்ளோமா படிக்கலாம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழியாகவும் நுழையலாம். முதலில் தாதியாக வேலை பார்த்துவிட்டுப் பிறகு மருத்துவச்சிப் படிப்பு. இரவுப் பணி உண்டு, தீபாவளி அன்றும் பணி உண்டு, பிரசவம் நாள் பார்ப்பதில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமோ என்று அவள் பயந்தால், அது பழகிவிடும் என்று சொல்லுங்கள். அடுத்தவர் வலியில் இருக்கும்போது பொறுமையாகப் பக்கத்தில் உட்கார முடிகிறதா என்று வீட்டில் பாட்டிக்கு உடம்பு முடியாதபோது கவனியுங்கள். முடிகிறது என்றால், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாள் வரும்போது அவளை அழைத்துக்கொண்டு போய்த் தாதிமைப் பிரிவில் நேரடியாக விசாரியுங்கள்.